காலம் அறிந்த பொறி

தமிழில் ‘பொறி’ என்னும் சொல்லுக்குப் பொருள் பல. தீயிலிருந்து தெறிக்கும் நுண்ணிய கனலும் பொறியே. மனிதன் தன் அறிவால் ஆக்கிய இயந்திரமும் பொறியே. இவ்விரண்டும் ஒன்று கூடும் இடம் மோட்டார் வண்டியின் எஞ்சின். அங்கே தீப்பொறி இல்லையேல் இயந்திரப் பொறி இயங்குவதில்லை. ஆயினும், தீப்பொறி எழுந்தால் மட்டும் போதாது. எழவேண்டிய கணத்தில் எழவேண்டும். கணம் தப்பி எழுந்த பொறி பருவம் தப்பிப் பெய்த மழையைப் போன்றது. முந்தி வந்தால் கேடு. பிந்தி வந்தால் வீண்.

இவ்வுண்மையை விளக்குவதற்கு அமெரிக்க நாட்டின் பழைய வண்டிகள் சில நல்ல சான்றாகின்றன. ‘மஸில் கார்’ என்பது அவற்றின் பெயர். தசை வலிமை மிக்க வண்டி என்பது அதன் பொருள். நடுத்தர அளவுள்ள வண்டியின் உடலில், பெரிய வண்டிக்கு உரிய எஞ்சினைப் பொருத்துவதே இவ்வினத்தின் இலக்கணம். 1964ஆம் ஆண்டு மாதிரியாகப் பான்டியாக் நிறுவனம் வெளியிட்ட ‘ஜி.டி.ஓ.’ வண்டியை இவற்றின் முன்னோடி என்று பலரும் கூறுவர். எட்டு உருளைகளைக் கொண்ட அதன் எஞ்சின் 389 கன அங்குலக் கொள்ளளவு உடையது. 325 குதிரைத்திறன் தரவல்லது. முதல் ஆண்டிலேயே 32,450 வண்டிகள் விற்பனையாயின. அதனைக் கண்ட பிற நிறுவனங்களும் போட்டியில் இறங்கின. சில ஆண்டுகளில் அமெரிக்கச் சாலைகளில் இத்தகைய வண்டிகளின் முழக்கம் எங்கும் எழுந்தது.

அவற்றின் வலிமையைப் பற்றிப் பேசாதார் இல்லை. அவ்வலிமையைச் செம்மை செய்த சிறு கருவி ஒன்றைப் பற்றிப் பேசினாரோ சிலரே. உள்ளங்கையில் அடங்கும் ஒரு தகரச் சிமிழ். அதனுள் ஒரு சவ்வு. சவ்வைத் தாங்கும் ஒரு சுருள்வில். சவ்விலிருந்து நீளும் ஒரு மெல்லிய கம்பி. இவ்வளவே அக்கருவி. ஆங்கிலத்தில் ‘வேக்குவம் அட்வான்ஸ்’ என்று வழங்கும் இதனை ‘வெற்றிட முற்படுத்தி’ என்று தமிழில் கூறலாம். வெற்றிடத்தின் துணைகொண்டு தீப்பொறியை முற்பட எழச் செய்வது இதன் தொழில். இதனைத் தேவையற்றது என்று கழற்றி எறிந்தவரும் உளர். இதன் அருமை அறிந்து மீண்டும் பொருத்துவோரும் உளர். இவருள் யார் பக்கம் நியாயம் உள்ளது என்பதை அறிய, பொறி ஏன் முற்பட எழவேண்டும் என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

எஞ்சினின் உருளைக்குள் பிஸ்டன் மேலும் கீழுமாக இயங்குகிறது. அது இறங்கும்போது பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை உள்ளே புகுகிறது. ஏறும்போது அக்கலவை நெருக்குண்டு அழுந்துகிறது. அழுந்திய கலவையில் ஸ்பார்க் பிளக் மின்பொறியைத் தோற்றுவிக்கிறது. கலவை எரிகிறது, வெப்பத்தால் விரியும் வாயு பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. அத்தள்ளலே சக்கரங்களைச் சுழற்றும் ஆற்றலாகிறது. பின்னர்ப் பிஸ்டன் மீண்டும் ஏறி எரிந்த புகையை வெளியேற்றுகிறது.

பிஸ்டன் உச்சியை அடையும் அதே கணத்தில் பொறி எழவேண்டும் என்று ஒருவர் கருதலாம். அது பொருந்தாது. உருளைக்குள் இருக்கும் கலவை முழுவதும் ஒரே கணத்தில் எரிந்துவிடுவதில்லை. தீ ஓரிடத்தில் பற்றிப் படிப்படியாகப் பரவுகிறது. அதற்குச் சிறிது காலம் வேண்டும். அக்காலத்திற்குள் பிஸ்டன் காத்திருப்பதும் இல்லை. ஆகவே, தீ பரவி அழுத்தம் மிகுந்து நிற்கும் வேளை, பிஸ்டன் உச்சியைக் கடந்து சற்றே இறங்கத் தொடங்கிய வேளையாக இருக்கவேண்டும். ஊஞ்சலைத் தள்ளும் சிறுவன் இதனை இயல்பாகவே அறிவான். ஊஞ்சல் தன்னை நோக்கி வரும்போதே தள்ளினால் அது தடைபடும். கை எட்டாத் தொலைவு சென்றபின் தள்ள முயன்றால் பயனில்லை. வந்து நின்று திரும்பும் வேளையில் தள்ளினால் அது வானளாவ எழும். எஞ்சினிலும் அவ்வாறே. உச்சியைக் கடந்து ஏறத்தாழ 15 பாகை அளவில் அழுத்தம் பெருகி நிற்றல் நன்று என்பது பொறியியல் கண்ட முடிவு. அதற்கு ஏற்ப, பிஸ்டன் உச்சியை அடைவதற்கு முன்னரே பொறி எழவேண்டும். எத்தனை பாகை முன்னே எழுகிறதோ அதனை ‘முற்கோணம்’ எனலாம்.

முற்கோணம் என்றும் ஒரே அளவாக இருத்தல் இயலாது. கலவை எரிவதற்கு, ஒரு நொடியை ஆயிரம் கூறாக்கி அவற்றுள் இரண்டு கூறு காலம் ஆவதாகக் கொள்க. எஞ்சின் நிமிடத்திற்கு 600 சுற்று சுழலும்போது, அக்காலத்தில் கிராங்க் தண்டு 7 பாகைக்குச் சற்று மேல் திரும்பும். 3,000 சுற்று சுழலும்போதோ, அதே காலத்தில் 36 பாகை திரும்பிவிடும். எனவே வேகம் மிக மிக முற்கோணமும் மிகவேண்டும்.

தொடக்க காலத்தில் இப்பணியை ஓட்டுநரே தம் கையால் செய்துவந்தார். 1908 முதல் 1927 வரை ஃபோர்டு நிறுவனம் செய்த ‘மாடல் டி’ வண்டியில், ஸ்டீயரிங் சக்கரத்தின் கீழே இடப்புறத்தில் இதற்கெனவே ஒரு நெம்புகோல் இருந்தது. வண்டியின் முன்னே நின்று கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பும் முன், அந்நெம்புகோலால் பொறியைப் பிற்படுத்துதல் வேண்டும். மறந்தவர் பாடு பெரும்பாடு. பொறி முந்தி எழும். பிஸ்டன் பின்னோக்கி உதைக்கும். கைப்பிடி எதிர்ப்புறம் சுழன்று கையெலும்பை முறித்துவிடும். காலம் தப்பிய பொறிக்கு அன்று மனிதனின் கை தண்டனை பெற்றது.

பின்னர், ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் வாழ்ந்த சார்லஸ் கெட்டரிங் என்னும் பொறியறிஞர், மின்கலத்தின் துணையால் பொறி எழுப்பும் முறையைச் செம்மை செய்தார். 1910ஆம் ஆண்டு மாதிரிக் காடிலாக் வண்டிகள் அதனை ஏற்றன. காலப்போக்கில் ஓட்டுநரின் நெம்புகோல் மறைந்தது. அதன் வேலையை ‘டிஸ்டிரிபியூட்டர்’ என்னும் கருவி தானே மேற்கொண்டது.

டிஸ்டிரிபியூட்டர் என்றால் பகிர்ந்தளிப்பது என்று பொருள். பந்தியில் இலைதோறும் முறை தவறாது பரிமாறுபவனைப் போல, அது எட்டு உருளைகளுக்கும் மின்பொறியை வரிசைப்படி வழங்குகிறது. செவர்லே எட்டு உருளை எஞ்சினில் அவ்வரிசை 1, 8, 4, 3, 6, 5, 7, 2 என்பதாகும். கிராங்க் தண்டு இருமுறை சுழலும்போது டிஸ்டிரிபியூட்டரின் தண்டு ஒருமுறை சுழல்கிறது. அத்தண்டின்மேல் இரண்டு சிறு எடைகள் வில்லால் பிணைக்கப்பட்டுள்ளன. திருவிழாவில் குடை ராட்டினம் விரைந்து சுற்றும்போது அதில் அமர்ந்தவர் வெளிப்புறம் சாய்வதைப் பலரும் கண்டிருப்பர். அதுபோலவே, வேகம் மிகும்போது இவ்வெடைகள் வெளிப்புறம் விரிந்து, பொறி எழும் கணத்தை முற்படுத்துகின்றன. வேகம் குறையும்போது வில் அவற்றை மீட்டும் இழுத்துக்கொள்கிறது.

இவ்வாறு வேகத்தை அறிந்து நடக்கும் எடைகள் இருக்க, சிமிழ் எதற்கு என்னும் வினா எழும். வேகத்தைப் போலவே சுமையும் எஞ்சினுக்கு ஒரு நிலை என்பதே அதற்கு விடை. நிமிடத்திற்கு 2,000 சுற்று சுழலும் எஞ்சின் மேட்டின்மீது ஏறிக்கொண்டிருக்கலாம். சமதரையில் இளைப்பாறி ஓடிக்கொண்டும் இருக்கலாம். எடைகளுக்கு இவ்விரு நிலையும் ஒன்றே. எஞ்சினுக்கோ இரண்டும் வேறு. மேடேறும்போது ஓட்டுநர் மிதியை நன்கு அழுத்துகிறார். உருளைகள் கலவையால் நிறைகின்றன. கூரை வீடுகள் நெருங்கி நிற்கும் தெருவில் தீ விரைந்து பரவுவது போல, செறிந்த கலவையில் தீ விரைந்து ஓடுகிறது. சமதரையில் மிதி சற்றே அழுந்துகிறது. உள்ளே புகும் கலவை சிறிது. வீடுகள் தள்ளித் தள்ளி நிற்கும் தெருவில் தீ தயங்குவது போல, அங்கே தீ மெல்லப் பரவுகிறது. மெல்லப் பரவும் தீக்கு முன்கூட்டியே பொறி வேண்டும். இத்தேவையை எடைகள் அறியா, சிமிழ் அறியும்.

அஃது அறியும் வகை வியப்பிற்குரியது. எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும்போது, கார்புரேட்டரில் உள்ள திராட்டில் தகடு வழியை அடைத்து நிற்குமானால், தகட்டிற்கு அப்பால் காற்றழுத்தம் குறைகிறது. இக்குறைவையே வெற்றிடம் என்று வழங்குவர். பாதரச அங்குலத்தால் அளப்பர். வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் மெல்ல ஓடும்போதும், சமதரையில் இலேசாக ஓடும்போதும் இது 15 முதல் 20 அங்குலம் வரை இருக்கும். மிதியை முழுவதும் அழுத்தினால் ஏறத்தாழ ஒன்றுமில்லாமற் போகும். சிமிழிலிருந்து ஒரு ரப்பர்க் குழல் இவ்வெற்றிடத்தோடு இணைகிறது. வெற்றிடம் மிகும்போது சவ்வு இழுபடுகிறது, கம்பி நகர்கிறது, டிஸ்டிரிபியூட்டரின் உள்தட்டு, தண்டு சுழலும் திசைக்கு எதிராகச் சிறிது திரும்புகிறது, பொறி முற்பட எழுகிறது. மேட்டில் ஏற மிதியை அழுத்திய அக்கணமே வெற்றிடம் வீழ, சுருள்வில் எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் தள்ளிவிடுகிறது. கைந்நாடி பிடித்து நோயின் நிலை அறியும் மருத்துவரைப் போல, எஞ்சினின் மூச்சைத் தொட்டு அதன் சுமையை அறிகிறது இச்சிமிழ்.

இத்தகைய கருவியை ஏன் பலர் கழற்றி எறிந்தனர்? பந்தய வண்டிகளைப் பார்த்து எழுந்த மயக்கம் அதற்கு ஒரு காரணம். கால் மைல் நேர்ப்பாதையில் ஓடும் பந்தய வண்டி முதல் நொடி முதல் கடைசி நொடி வரை முழு மிதியில் ஓடுவது. அங்கே வெற்றிடம் இல்லை. ஆதலால் சிமிழுக்கும் வேலை இல்லை. அவ்வண்டிகளில் சிமிழ் இல்லாதிருத்தல் கண்டு, சிமிழ் இல்லாமையே வேகத்திற்குக் காரணம் என்று சாலை வண்டியினர் சிலர் எண்ணினர். மற்போர் வீரன் கோதாவில் செருப்பணியாமை கண்டு, முள் நிறைந்த காட்டில் வெறுங்காலோடு நடந்தவன் செயலை ஒத்தது இது.

மற்றொரு காரணம் சட்டத்தால் வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை மூடிய புகைமூட்டத்திற்கு, வண்டிகள் உமிழும் எரியாத எரிபொருளும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிவதே காரணம் என்று ஆரி ஹாகன்-ஸ்மித் என்னும் வேதியியலறிஞர் 1950களின் தொடக்கத்தில் காட்டினார். 1965ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் இயற்றியது; 1968ஆம் ஆண்டு மாதிரி முதல் நாடு முழுவதும் புகைக் கட்டுப்பாடு வந்தது. மெல்ல ஓடும்போது பொறியைப் பிற்படுத்தினால் வெளியேறும் புகை சூடாகி, எரியாத மிச்சம் வழியிலேயே எரிந்துபோகும் என்பதைக் கண்ட நிறுவனத்தார், பல வண்டிகளில் சிமிழின் குழலைத் திராட்டில் தகட்டிற்கு மேலே உள்ள துளையில் இணைத்தனர். மிதி அழுந்தாத நிலையில் அத்துளைக்கு வெற்றிடம் எட்டாது. 1970ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகள், கீழ்க் கியர்களில் சிமிழுக்கு வெற்றிடமே செல்லாதபடி தடுக்கும் அமைப்பையும் பெற்றன. காற்றைக் காக்க எழுந்த நோக்கம் நல்லதே. ஆயினும் எஞ்சின் அதற்கு விலை கொடுத்தது, வெப்பம் மிகுந்தது, பெட்ரோல் செலவு கூடியது. எஞ்சின் அளவு கடந்து சூடேறினால் சிமிழுக்கு முழு வெற்றிடத்தையும் திறந்துவிடும் தானியங்கி வால்வு ஒன்றைப் பல வண்டிகளில் நிறுவனத்தாரே பொருத்தினர். பொறி முற்பட எழுந்தால் எஞ்சின் குளிரும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இனி, அக்கருவியைச் செம்மையாக அமைக்கும் முறையைக் காணலாம். 1967ஆம் ஆண்டு மாதிரிக் கமாரோ வண்டியில் முதன்முதல் வந்த செவர்லே 350 கன அங்குல எஞ்சின் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்க. அதனைப் பேணும் உரிமையாளர் முதலில் செய்யவேண்டுவது சோதனை, திருத்தம் பின்னரே. கையால் இயக்கும் சிறு வெற்றிடப் பம்பைச் சிமிழோடு இணைத்து 15 அங்குலம் வரை இழுத்துப் பார்த்தல் வேண்டும். உள்தட்டு நகர்ந்து, பம்பின் முள்ளும் அசையாது நின்றால் சவ்வு நலமாக உள்ளது. முள் சரிந்தால் சவ்வு கிழிந்துவிட்டது. கிழிந்த சவ்வு தன் வேலையைச் செய்யாததோடு, வேண்டாத காற்றை எஞ்சினுக்குள் விட்டுக் கலவையையும் கெடுக்கும்.

அடுத்து வருவது பாயிண்டு. மின்னோட்டத்தைத் தொட்டுத் தொட்டு விடும் இவ்விரு முனைகளும் சேர்ந்திருக்கும் கோணம் இவ்வெஞ்சினில் 30 பாகை. இதனை முன்னரே சரிசெய்யவேண்டும். இஃது அசைந்தால் பொறியின் காலமும் உடன் அசையும். அதன்பின், கிராங்க் தண்டின் முகப்பில் உள்ள வளையத்தின் கோடு உண்மை பேசுகிறதா என்று பார்த்தல் வேண்டும். அவ்வளையத்தின் உட்பகுதிக்கும் வெளிப்பகுதிக்கும் இடையே ரப்பர் உண்டு. பல ஆண்டு கழிந்த எஞ்சினில் ரப்பர் தளர்ந்து, வெளி வளையம் இடம் மாறியிருக்கலாம். அளவுகோலே பிழையாயின் அளந்தது எங்ஙனம் சரியாகும்? முதல் உருளையின் பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலையை நேரே கண்டு, கோட்டோடு ஒப்பிட்டு உறுதி செய்தபின்னரே மேலே செல்லவேண்டும்.

இப்போது எஞ்சினைக் கிளப்பிச் சூடேறவிட்டு, சிமிழின் குழலைக் கழற்றி அதன் வாயை அடைக்கவேண்டும். முதல் உருளையின் பிளக் கம்பியில் டைமிங் விளக்கை இணைத்தால், பொறி எழும்போதெல்லாம் விளக்கு மின்னும். சுழலும் வளையத்தின்மேல் அவ்வொளி விழும்போது, அதன் கோடு அசையாது நிற்பது போலக் கண்ணுக்குத் தோன்றும். டிஸ்டிரிபியூட்டரைப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்தி, அதன் கூட்டைச் சிறிது திருப்பினால் கோடும் இடம் மாறும். செவர்லே எஞ்சினில் சுழல்முனை வலஞ்சுழியாகச் சுழல்வதால், கூட்டை இடஞ்சுழியாகத் திருப்பினால் பொறி முற்படும். எஞ்சினை 3,000 சுற்றுக்கு உயர்த்தி, எடைகள் முழுவதும் விரிந்த நிலையில் மொத்த முற்கோணம் 34 முதல் 36 பாகைக்குள் நிற்குமாறு அமைத்தல் இவ்வெஞ்சினுக்கு வழக்கமாக ஏற்றது. தொடக்கத்தில் 14 பாகையும் எடைகளால் 22 பாகையும் சேர்ந்து 36 ஆவது ஒரு நல்ல பங்கீடு.

அதன்பிறகே சிமிழின் முறை. அது 10 முதல் 12 பாகை வரை கூட்டித் தருமாயின், சமதரையில் விரைந்து ஓடும் வேளையில் மொத்தம் 46 முதல் 48 பாகை வரை அமையும். இவ்வளவு பெரிய எண்ணைக் கண்டு அஞ்சவேண்டுவதில்லை. மிதியை முழுவதும் அழுத்தினால் சிமிழின் பங்கு தானே நீங்கி, 36 பாகை மட்டும் எஞ்சும்.

இங்கே கருதவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வால்வுகளை நெடுநேரம் திறந்து வைக்கும் பந்தயக் கேம் தண்டு பொருத்திய எஞ்சின், மெல்ல ஓடும்போது 12 அங்குல வெற்றிடமே தருவதாகக் கொள்க. அதிலுள்ள சிமிழோ முழுவதும் இழுபட 15 அங்குலம் வேண்டுவது. அப்போது சவ்வு பாதியில் நின்று தள்ளாடும். வெற்றிடம் சற்றே குறைந்தால் பொறி பிற்படும். பொறி பிற்பட்டால் வேகம் தளரும். வேகம் தளர்ந்தால் வெற்றிடம் மேலும் குறையும். எஞ்சின் குலுங்கிக் குலுங்கி இறுதியில் நின்றுவிடும். உரிமையாளரோ கார்புரேட்டரைக் குறை கூறுவார். எனவே, மெல்ல ஓடும்போது எஞ்சின் தரும் வெற்றிடத்தைவிட 2 அங்குலமேனும் குறைந்த அளவிலேயே முழுவதும் இழுபட்டுவிடும் சிமிழைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். 12 அங்குலம் தரும் எஞ்சினுக்கு 10 அங்குலத்திற்குள் நிறைவெய்தும் சிமிழே ஏற்றது. குழலை நேரே வெற்றிடத்தோடு இணைத்தபின் எஞ்சின் சற்று விரைந்து ஓடும். திராட்டில் திருகைத் தளர்த்தி அதனைப் பழைய அளவுக்குக் கொணரவேண்டும்.

கருவிகள் இவ்வளவும் கூறியபின் கடைசித் தீர்ப்புச் செவியிடத்தது. வண்டியைச் சாலைக்குக் கொண்டுசென்று, மேடான இடத்தில் உயர்ந்த கியரில் ஏற்றிப் பார்த்தல் வேண்டும். தகர டப்பாவில் கூழாங்கற்களை இட்டுக் குலுக்கினாற்போன்ற ஒலி எழுந்தால் அது ‘நாக்கிங்’. பொறி அளவு கடந்து முந்துவதால், தீ வந்து சேருமுன் கடைசிக் கலவை வெப்பமும் அழுத்தமும் தாங்காது தானே வெடிக்கும் ஒலி அது. மிதி பாதி அழுந்தியபோது அது கேட்டால் சிமிழின் பங்கைக் குறைக்கவேண்டும். மிதி முழுவதும் அழுந்தியபோது கேட்டால் சிமிழ் குற்றமற்றது; அந்நிலையில் அது வேலை செய்வதே இல்லை. அடிப்படை முற்கோணத்தையே குறைத்தல் வேண்டும். நோயின் இடம் அறிந்து மருந்திடுதல் என்பது இதுவே.

இவ்வொலியைப் பொருட்படுத்தாமல் ஓட்டுவது பேதைமை. நாளடைவில் பிஸ்டனின் தலை உருகித் துளைபடும். வளையங்கள் தாங்கும் விளிம்பு உடையும். இக்கேட்டினைத் தடுக்கக் கெட்டரிங்கின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த தாமஸ் மிட்ஜ்லி, 1921ஆம் ஆண்டில் பெட்ரோலில் ஈயச் சேர்மம் ஒன்றைக் கலந்து வழி கண்டார். எஞ்சின் பிழைத்தது, ஆனால் காற்றில் கலந்த ஈயம் மக்களுக்கு நஞ்சாயிற்று. 1970கள் முதல் அதனைப் படிப்படியாக விலக்கிய அமெரிக்கா, 1996ஆம் ஆண்டில் சாலை வண்டிகளுக்கு முற்றிலும் தடை செய்தது. கலவையைப் பத்து மடங்குக்கு மேல் அழுத்துமாறு ஆக்கப்பட்ட பழைய எஞ்சின்களுக்கு அக்காலத்து ஈயப் பெட்ரோல் இன்று இல்லை. ஆதலால் பழைய கையேட்டின் எண்ணை அப்படியே நம்புதல் போதாது. இன்றைய எரிபொருளுக்கு ஏற்பக் கேட்டுக் கேட்டுத் திருத்தவேண்டும்.

இன்றைய புதிய வண்டிகளில் எடையும் இல்லை, சிமிழும் இல்லை. கணினி ஒன்று வேகத்தையும் சுமையையும் அளந்து, நாக்கிங் எழுமோ என்று உணர்கருவியால் உற்றுக்கேட்டு, ஒவ்வொரு பொறிக்கும் உரிய கணத்தைக் கணக்கிடுகிறது. கருவி மாறியது; அறம் மாறவில்லை.

டிட்ராய்ட் நகரையும் பான்டியாக் நகரையும் இணைக்கும் உட்வர்டு சாலையில், 1960களில் இளைஞர் தம் வண்டிகளை ஓட்டிப் போட்டியிட்டனர். அதே சாலையில் 1995ஆம் ஆண்டில் பழைய வண்டிகளின் பேருலா ஒன்று தொடங்கியது. ஆகஸ்டு மாதந்தோறும் நடைபெற்றுவருகிறது. விரைவதற்கென்றே பிறந்த வண்டிகள் அங்கே ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து செல்கின்றன. கோடை வெயிலில், நின்று நின்று நகரும் அந்நெடு வரிசையில் 300 குதிரைத்திறனால் ஆவது ஒன்றுமில்லை. கொதித்து நிற்கும் வண்டிக்கும் குளிர்ந்து ஓடும் வண்டிக்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் பல வேளைகளில் அச்சிறு சிமிழே உண்டாக்குகிறது.

திருக்குறளில் வலியறிதல் என்னும் அதிகாரத்தை அடுத்துக் காலமறிதல் என்னும் அதிகாரம் அமைந்துள்ளது. வலிமை உடையார்க்கும் காலம் அறியும் கடமை நீங்காது என்பது அவ்வைப்புமுறையால் விளங்கும். வலிமையைப் பெருக்குவோர் பலர். அதனைப் பயன்படுத்தும் கணத்தை அறிவோர் சிலர். முழு வேகத்தில் மறைந்து நின்று, அமைதியான ஓட்டத்தில் துணைசெய்யும் அத்தகரச் சிமிழ், தன் வேலை எப்போது உண்டு, எப்போது இல்லை என்பதை நன்கு அறிந்திருக்கிறது.